தேயிலையைக் கொட்டியதாலா போர் வந்தது? அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனைவிட்டுப் பிரிந்த கதை (விவாத இழை)

பொருநைக்கரையான்:

வணக்கம் நண்பர்களே. பள்ளிக்கூடப் பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போர் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். வரி போட்டார்கள், தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், சண்டை மூண்டது, விடுதலை கிடைத்தது. ஆனால் முதல் பெரிய கிளர்ச்சி 1765-இல். போர் தொடங்கியது 1775 ஏப்ரலில். இடையில் பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் குடியேற்றங்களில் வாழ்ந்த மக்கள் தங்களை பிரிட்டிஷ் ராஜாவின் விசுவாசமான குடிகளாகத்தான் கருதினார்கள். முத்திரைச் சட்டம் ரத்தான மகிழ்ச்சியில் நியூயார்க் சட்டசபை மூன்றாம் ஜார்ஜுக்குச் சிலை வைக்கவே தீர்மானம் போட்டது. 1770-இல் குதிரைமேல் அமர்ந்த ராஜா, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசி, ஊருக்கு நடுவே நின்றார்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது. பிரிட்டன் ஜெயித்தது, கஜானா காலியானது. அமெரிக்காவில் 10,000 சிப்பாய்களை நிறுத்திவைக்க முடிவுசெய்து, அந்தச் செலவில் ஒரு பங்கைக் குடியேற்ற மக்களே தர வேண்டும் என்றார்கள். 1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. நிலப்பத்திரம், உயில், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரை முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். பகடைக்குக்கூட வரி.

என் கேள்வி இதுதான். இந்தச் சண்டை பேசித் தீர்க்கக்கூடியதாக இருந்தது எதுவரை? எந்தக் கட்டத்துக்கு அப்புறம் திரும்பிவர வழியில்லாமல் போனது?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. முதலில் கணக்கைப் பார்ப்போம். போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பாகி 13 கோடி பவுனை ஒட்டி நின்றது. பிரிட்டனில் இருந்த ஒருவர் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் துறைமுக ஊரான பாஸ்டனில் இருந்தவர் கட்டியது மிகமிகக் கொஞ்சம். 1764-இல் வந்த சர்க்கரைச் சட்டத்தில் வெளிநாட்டுக் கரும்புப் பாகுக்கு இருந்த தீர்வையை கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தார்கள். குறைத்ததற்குத்தான் கூச்சல்! ஏனென்றால் பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை, புதிய 3 பென்ஸைக் கண்டிப்பாக வசூலித்தார்கள். பிடிபட்டவர்களை ஜூரி இல்லாத கடல்வழக்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

1773 தேயிலைச் சட்டமும் அப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம் என்றதும் தேயிலை விலை இறங்கவே செய்தது. பாதிக்கப்பட்டது டச்சுத் தேயிலையைக் கடத்திவந்து விற்றவர்களும், கம்பெனி ஏஜென்டாக நியமிக்கப்படாத உள்ளூர் வியாபாரிகளும். ஆகவே இது வியாபாரிகள் மூட்டிய தீ என்பது என் கருத்து. மற்றதெல்லாம் அதன்மேல் போர்த்திய பேச்சு.

மலைச்சாரல்:

கணக்குப்பிள்ளை சார், எண்களில் சண்டையில்லை. ஆனால் வியாபாரிகள் மட்டும் என்றால் நடந்ததில் பாதி புரியாது. 1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஊருக்குள் ஒரு பெரிய எல்ம் மரம். காலையில் எழுந்து பார்த்தால் அதில் ஒரு கொடும்பாவி தொங்குகிறது. முத்திரைத் தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவருடைய உருவம் அது. மாலையில் அதை இறக்கி ஊர்வலமாகத் தூக்கிப்போய், ஆலிவர் கட்டிய ஒரு கட்டடத்தை இடித்து, அந்தக் கட்டடத்தின் மரச்சட்டங்களையே விறகாக்கிக் கொடும்பாவியை எரித்தார்கள். தூக்கிப்போனவர்கள் செருப்புத் தைப்பவர்கள், கப்பல் பட்டறைத் தொழிலாளிகள், துறைமுகக் கூலிகள். மறுநாள் ஆலிவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற குடியேற்றங்களிலும் இதே வழி பரவியது. சட்டம் அமலுக்கு வர வேண்டிய நவம்பர் 1 அன்று தாளை விநியோகிக்கத் துணிந்த ஆள் அநேகமாக எங்கும் இல்லை. பாராளுமன்றம் 1766 மார்ச்சில் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் போட்டது: எந்த விஷயமானாலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் தனக்கு உண்டு என்று.

இங்கே இந்த மக்கள் ஒரு வழிமுறையைக் கண்டுகொண்டார்கள் என்பது என் எண்ணம். லண்டனில் போடும் சட்டத்தை இங்கிருந்து மாற்ற முடியாது. ஆனால் அதை நடத்திவைக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை விலக வைத்தால் சட்டம் வெறும் காகிதம். 1765-இல் முத்திரை முகவர், 1773-இல் தேயிலை ஏஜென்ட், 1774-இல் நீதிபதிகள். ஒவ்வொரு தடவையும் மேலே மேலே போகிறார்கள். இந்த ஏணியின் உச்சிக்குப் போனபோது பிரிட்டிஷ் அரசு என்று சொல்ல ராணுவம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

கீழவீதி:

அக்கா, ஒரு சந்தேகம். தேயிலை நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும்கூடத்தானே போனது? பாஸ்டனில் மட்டும் ஏன் கொட்டினார்கள்?

மலைச்சாரல்:

நான் சொன்னதற்கு அதுவே சாட்சி. நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் ஏஜென்ட்கள் விலகிவிட்டார்கள். கப்பல்கள் சரக்கோடு திரும்பின. சார்ல்ஸ்டனில் தேயிலையை இறக்கி நிலவறையில் பூட்டிவைத்தார்கள், விற்கவில்லை. பாஸ்டனில் ஏஜென்ட்கள் விலக மறுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் சொந்த மகன்கள். 1765 ஆகஸ்டில் தன் வீட்டையே கும்பல் சூறையாடியதை மறக்காத மனிதர் ஹட்சின்சன். இந்த முறை இறங்கிவரக் கூடாது என்று நின்றார்.

டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28-இல் துறைமுகம் வந்தது. இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றலாம். தீர்வை கட்டாமல் திரும்பிப் போக கவர்னர் அனுமதி தரவில்லை. கெடு முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 16. மூன்று கப்பல்கள், 340-க்கு மேற்பட்ட பெட்டிகள், 92,000 ராத்தல் தேயிலை. கோடாலியால் பெட்டிகளை உடைத்துக் கடலில் கவிழ்த்தார்கள். கடல் வற்றிய நேரம் என்பதால் தேயிலை மூழ்காமல் கப்பலோரம் குவிந்து நிற்க, சிலர் அதைத் தள்ளிக் கலைக்க வேண்டியிருந்தது.

கடலோடி:

அந்தத் தேயிலை எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதையும் பேச வேண்டும். கம்பெனி 1765-இல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைப் பெற்றது. 1769-70 பஞ்சத்தில் வங்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டதாக வாரன் ஹேஸ்டிங்ஸே லண்டனுக்கு எழுதினார். அப்போதும் வரி வசூலை விடவில்லை. இவ்வளவு கறந்தும் 1772-இல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. கிடங்குகளில் ஒரு கோடியே எழுபது லட்சம் ராத்தல் சீனத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதைத் தள்ளிவிட வழிசெய்ததுதான் தேயிலைச் சட்டம்.

அமெரிக்கர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773-இல் ஒரு துண்டறிக்கையில் வங்காளப் பஞ்சத்தை எடுத்துச் சொல்லி, நிலம் விளைச்சலை மறுத்ததால் அவர்கள் சாகவில்லை, கம்பெனி எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு ஏழைகள் வாங்க முடியாத விலை வைத்ததால் செத்தார்கள் என்று எழுதினார். அடுத்து நம் பக்கம் வருகிறார்கள் என்பது அவர் எச்சரிக்கை. விலை குறைந்த தேயிலையை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது, கணக்குப்பிள்ளை சார். இன்றைக்கு மலிவாகத் தருகிற ஏகபோகக்காரன் நாளைக்கு என்ன விலை வைப்பான் என்று வங்காளத்தைப் பார்த்தே கணித்தார்கள்.

கணக்குப்பிள்ளை:

டிக்கின்சன் எழுதியது முக்கியமான விஷயம், நன்றி. ஆனாலும் அந்த எச்சரிக்கையை ஊரெல்லாம் கொண்டுபோனதும், 1768-இல் பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்று இறக்குமதி மறுப்பை நடத்தியதும் வியாபாரிகள் கூட்டம்தான் என்பதில் நான் நிற்கிறேன்.

மலைச்சாரல்:

இறக்குமதி மறுப்பில் வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள், சரி. துணி இறக்குமதி நின்றபோது ராட்டையில் உட்கார்ந்து நூற்றது யார்? வீட்டுப் பெண்கள். ஊர் ஊராகக் கூடி நூற்றார்கள். அதில்லாமல் அந்த மறுப்பு ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது.

1767 டவுன்ஷெண்ட் சட்டங்களைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை இவற்றின்மேல் வந்த தீர்வையை கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தரப் பயன்படுத்துவதாக ஏற்பாடு. அதுவரை சம்பளம் தந்தது உள்ளூர் சட்டசபை. சம்பளம் தருகிறவர் சொல்லைத்தானே கவர்னர் கேட்பார்? அந்தப் பிடி கையைவிட்டுப் போவதுதான் அவர்களை உலுக்கியது. வரியின் தொகையைவிட அது யார் பைக்குப் போய் யாரைக் கட்டிப்போடுகிறது என்பதே கேள்வி.

பொருநைக்கரையான்:

அப்படியானால் திரும்பிவர முடியாத கட்டம் 1774 என்பதில் மலைச்சாரல் அக்காவும் நானும் ஒன்றுபடுகிறோம் என்று நினைக்கிறேன். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை ஜூன் 1 முதல் மூடினார்கள். அதைவிடக் கடுமையானது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம். சட்டசபை தேர்ந்தெடுத்துவந்த மேலவையை இனி ராஜா நியமிப்பார். ஜூரிகளை மாவட்ட அதிகாரியான ஷெரீப் பொறுக்குவார். ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒன்று, மேற்கொண்டு கூட கவர்னர் அனுமதி வேண்டும். பாலம் பழுதானாலும் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமானாலும் ஊர்க்கூட்டம் போட்டே பழகிய சனங்கள் அவர்கள். தேயிலையைக் கொட்டியதில் சம்பந்தமே இல்லாத உள்நாட்டு விவசாயியின் வாசலுக்கு இந்தச் சட்டம் வந்து நின்றது.

மலைச்சாரல்:

ஆமாம், அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு வூஸ்டர் ஊர் போதும். 1774 செப்டம்பர் 6. அன்றைக்கு அங்கே நீதிமன்றம் கூட வேண்டும். சுற்று வட்டார ஊர்களிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தத்தம் ஊர்ப் படைப்பிரிவுகளாக வந்து நீதிமன்ற வாசலை அடைத்துவிட்டார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் பக்கத்தில் ஒரு விடுதியில் காத்திருந்தார்கள். கடைசியில் கூட்டத்தின் நிபந்தனைப்படி வெளியே வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் மக்கள் வரிசையாக நிற்க, நடுவே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். புதிய சட்டத்தின்கீழ் பதவி வகிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை எல்லா ஊர்க்காரர்களுக்கும் கேட்கும்படி திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அன்றோடு அந்த மாவட்டத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. லெக்சிங்டனில் போர் தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பே!

கவர்னராக வந்த ஜெனரல் கேஜ் அங்கே படை அனுப்புவதாக இருந்தவர்தான். ஆனால் செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் அருகே ஒரு வெடிமருந்துக் கிடங்கை அவர் காலிசெய்தபோது, ரத்தம் சிந்திவிட்டது என்று புரளி கிளம்பி, மறுநாளே ஆயிரக்கணக்கானோர் ஆயுதத்தோடு திரண்டுவிட்டார்கள். அதைப் பார்த்ததும் வூஸ்டருக்கு ஆள் அனுப்பவில்லை. அக்டோபரில் மாசசூசெட்ஸ் மக்கள் தங்களுக்கென்று ஒரு மாகாணப் பேரவை அமைத்தார்கள். ராஜாவின் பொருளாளருக்குப் போக வேண்டிய வரியை இனி எங்கள் பொருளாளர் ஹென்றி கார்ட்னரிடம் கட்டுங்கள் என்று ஊர்களுக்குச் சொன்னது அந்தப் பேரவை. அந்தப் பேரவை சேர்த்துவைத்த தளவாடங்களை அழிக்கத்தான் 1775 ஏப்ரல் 19 அன்று கேஜின் படை கான்கார்டுக்குப் புறப்பட்டது. வழியில் லெக்சிங்டன் புல்வெளியில் எட்டுப் பேர் செத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் கல்சுவர்களுக்குப் பின்னாலிருந்து சுட்டதில் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் உயிரிழந்தார்கள்.

வடகரை:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். மாசசூசெட்ஸ் மட்டும்தான் அமெரிக்காவா? வர்ஜீனியா ஏன் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லையே.

1763 அக்டோபரில் ராஜா ஒரு பிரகடனம் செய்தார். அப்பலாச்சிய மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது, அது பூர்வகுடிகளின் நிலம் என்று. மேற்கே நிலம் வளைத்து விற்கக் காத்திருந்த வர்ஜீனியப் பண்ணையார்களுக்கு அது பெரிய இடி. ஜார்ஜ் வாஷிங்டனும் அவர்களில் ஒருவர். அப்புறம் 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதுவரை தயங்கிய பண்ணையார்கள் பலர் அதோடு கிளர்ச்சிப் பக்கம் சாய்ந்தார்கள். விடுதலை தேடி ஓடிப்போன கறுப்பின மக்களில் பலர் அம்மையில் மாண்டார்கள். இருபத்தைந்து லட்சம் மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. 1776 விடுதலைப் பிரகடனத்துக்கு ஜெஃபர்சன் எழுதிய வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்த பத்தி ஒன்று இருந்தது, அதையும் குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் வெட்டியது. ராஜாமேல் மிஞ்சிய குற்றச்சாட்டுப் பட்டியலின் கடைசியில் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று எழுதிவைத்தார்கள். 1779-இல் வாஷிங்டன் உத்தரவின்பேரில் ஜெனரல் சல்லிவன் பூர்வகுடிகளான இரக்வா மக்களின் நாற்பது ஊர்கள்வரை கொளுத்தினார். சோளக்கொல்லையையும் பழத்தோட்டத்தையும்கூட விடவில்லை. போரை முடித்த 1783 சமாதான ஒப்பந்தத்தில் அந்த மக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பொருநைக்கரையான்:

வடகரை சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். மாசசூசெட்ஸ் போருக்குப் போன பாதை வேறு, வர்ஜீனியாவின் பாதை வேறு. இரண்டும் சந்தித்தது லெக்சிங்டனுக்கும் 1776 ஜூலைக்கும் இடைப்பட்ட பதினான்கு மாதத்தில்.

அந்தப் பதினான்கு மாதம் பலருக்கும் தெரியாது. ஜூன் 17 பங்கர் ஹில் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அதற்கு அப்புறமும் ஜூலையில் காங்கிரஸ் ராஜாவுக்கு சமாதான மனு அனுப்பியது! எழுதியவர் அதே டிக்கின்சன். ராஜா அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அக்டோபரில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஃபால்மவுத் ஊரைப் பீரங்கியால் கொளுத்தின. ஜெர்மானியக் கூலிப்படை வருகிறது என்ற செய்தியும் வந்தது. இந்த நேரத்தில்தான், 1776 ஜனவரியில், தாமஸ் பெயினின் துண்டுநூல் காமன் சென்ஸ் வெளிவந்தது. அமெரிக்காவுக்கு வந்து ஒன்றேகால் வருடம்கூட ஆகாத மனிதர். அதுவரை எல்லோரும் பாராளுமன்றத்தைத் திட்டினார்கள், ராஜாவைத் தொடவில்லை. பெயின் நேரே ராஜா என்ற பதவியையே எடுத்துக்கொண்டார்.

ஜூலை 2 அன்று காங்கிரஸ் பிரிவினைக்கு வாக்களித்தது. நியூயார்க் பிரதிநிதிகள் மட்டும் வாக்களிக்காமல் இருந்தார்கள். 4 அன்று பிரகடன வாசகத்தை ஏற்றது. 9 அன்று நியூயார்க்கில் அதைப் படித்துக்காட்டிய மாலையே அந்த ஈய ராஜாவைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தார்கள். உருக்கி வார்த்ததில் 42,088 துப்பாக்கிக் குண்டுகள் கிடைத்தன.

கீழவீதி:

எதிர்த் தரப்பில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ராஜாவை ஆதரித்த சாதாரண மக்களும் இருந்திருப்பார்களே.

வடகரை:

நிறையவே. 1774 ஜனவரியில் பாஸ்டனில் ஜான் மால்கம் என்ற சுங்கத்துறை ஆளை, கடுங்குளிரில் சட்டையை உரித்து, மேலெல்லாம் தார் பூசி, இறகு ஒட்டி, வண்டியில் ஏற்றி ஊர்சுற்ற வைத்து அடித்தார்கள். மலைச்சாரல் சொல்லும் விலக வைக்கும் வழிமுறைக்கு இந்த முகமும் உண்டு. போர் முடிந்தபோது அறுபதாயிரம் பேர்வரை நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் சுமார் 3,000 கறுப்பினத்தவர் நியூயார்க்கிலிருந்து இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே தருவதாகச் சொன்ன நிலம் ஒழுங்காகக் கிடைக்காமல் 1792-இல் ஏறத்தாழ 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய்க் குடியேறினார்கள்.

கடலோடி:

போர் நம் கரைக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1777 அக்டோபரில் அமெரிக்காவின் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. அடுத்த பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்தது. உடனே இங்கே பிரிட்டிஷார் 1778 அக்டோபரில் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையைச் சிதறடித்த செய்தி அமெரிக்காவரை போனது. பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்தது.

அமெரிக்காவில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை 1781 அக்டோபர் 19 அன்று சரணடைந்தது. பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரியில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டன. செய்தி இங்கே வந்துசேரவில்லை. ஜூனில் கடலூரில் தரையிலும் கடலிலும் இரண்டு தரப்பும் மோதின, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மாதக் கடைசியில் செய்தி வந்த பின்புதான் முற்றுகை நின்றது.

கணக்குப்பிள்ளை:

கடைசியாக என் பக்கத்திலிருந்து ஒன்று. மலைச்சாரல் காட்டிய அதே வூஸ்டர் நீதிமன்றத்தை 1786 செப்டம்பரில் விவசாயிகள் திரும்பவும் அடைத்தார்கள். இந்த முறை அரசு அவர்களுடையது. போர்க்கடனை அடைக்க மாசசூசெட்ஸ் போட்ட வரி, கடனுக்கு நிலம் ஜப்தி, கையில் காசில்லை. முன்னாள் படைவீரர் டேனியல் ஷேஸ் பெயரால் அறியப்பட்ட கிளர்ச்சி அது. 1765 முதல் மக்களைத் திரட்டிய சாமுவேல் ஆடம்ஸ் இப்போது அவர்களுக்கு மரண தண்டனை கேட்டார். அடக்கிய படைக்குப் பணம் போட்டவர்கள் பாஸ்டன் வியாபாரிகள்.

மலைச்சாரல்:

அது உண்மை. ராஜாவுக்கு எதிராக எழுவது நியாயம், மக்களே தேர்ந்தெடுத்த குடியரசுக்கு எதிராக எழுவது வேறு என்பது ஆடம்ஸின் வாதம். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. வூஸ்டர் விவசாயிக்கு இரண்டு முறையும் போக்கிடம் அந்த நீதிமன்ற வாசல்தான். ஆனால் ஒரு வித்தியாசம் நடந்தது. 1787 தேர்தலில் அவர்கள் கவர்னர் பௌடனைத் தோற்கடித்து ஜான் ஹான்காக்கைக் கொண்டுவந்தார்கள். ஷேஸுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. கேஜ் காலத்தில் அவர்கள் கேட்டதும் அதுதானே, கவர்னரை மாற்ற ஒரு வழி?